கடைசி ஐந்து கிலோமீட்டர்: ஐ.எஸ்.டி.என். கம்பியின் கதை

சென்ற மாதம் என் படிவம் 4 மாணவி ஒருத்தி பழைய பெட்டி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது, சாம்பல் நிறம். பின்பக்கத்தில் தொலைபேசிக் கம்பி செருகும் துளைகள் இருந்தன. முகப்பில் நான்கு எழுத்துகள்: ஐ, எஸ், டி, என். தானா ராத்தாவில் முன்பு கணினிக் கடை வைத்திருந்த அவளுடைய மாமா, சாமான் அறையைக் காலி செய்தபோது கிடைத்ததாம்.

"டீச்சர், இது மோடமா?" என்று கேட்டாள்.

"மோடம் செய்த வேலையைச் செய்தது. ஆனால் மோடம் இல்லை," என்றேன்.

அடுத்த கேள்விதான் என்னை நிறுத்தியது. "மாமா கடையில் இது ஓடிக்கொண்டிருந்த காலத்தில், தோட்டத்தில் கிராணியாக இருந்த தாத்தாவும் கேட்டுப் பார்த்தாராம். அங்கே வராது என்று சொல்லிவிட்டார்களாம். ஒரே மலைதானே டீச்சர்? ஏன் வராது?"

மாணவர்களே, இந்த வாரம் அந்தக் கேள்விக்குத்தான் விடை தேடப் போகிறோம். விடை கிடைக்க வேண்டுமானால் முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் கணக்கு வரும், பயப்பட வேண்டாம். பெருக்கல் தெரிந்தால் போதும்.

குரலுக்காகப் போட்ட பாதை

1876-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அன்று முதல் நெடுங்காலம் தொலைபேசிக் கம்பியின் வேலை ஒன்றே ஒன்றுதான்: குரலைச் சுமப்பது. நீங்கள் பேசும்போது காற்றில் அழுத்தம் கூடிக் குறைகிறது. தொலைபேசி அதே ஏற்ற இறக்கத்தை மின்னோட்டத்தில் உண்டாக்குகிறது. குரல் உயர்ந்தால் மின்னோட்டமும் உயரும், தாழ்ந்தால் தாழும். குரலின் வடிவத்தை அப்படியே பின்பற்றுவதால் இதை ஒப்புமைச் சமிக்ஞை என்கிறோம். நம் மலைப்பாதையைப் போல, இடைவெளி இல்லாமல் வளைந்து நெளிந்து ஏறி இறங்கும்.

மனிதப் பேச்சு தெளிவாகப் புரிய 300 ஹெர்ட்ஸ் முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள அதிர்வெண்கள் போதும். ஆகவே தொலைபேசி வலையமைப்பு அந்த அளவை மட்டும் அனுமதித்து, மற்றதை வெட்டிவிட்டது. குரலுக்கு அது போதுமான பாதை. ஆனால் கணினிக்கு?

கணினிக்குத் தெரிந்தது 0, 1 என்ற இரண்டே இரண்டு. அவற்றை நாம் பிட் என்கிறோம். பிட்டுகளைக் குரல் பாதையில் அனுப்ப, அவற்றை முதலில் ஒலியாக மாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்ததுதான் மோடம். நான் இடைநிலைப்பள்ளியில் படித்தபோது கணினி அறையில் ஒரு மோடம் இருந்தது. இணையத்தில் நுழைய வேண்டுமென்றால் முதலில் அது எண்களைச் சுழற்றும். பிறகு 'கீ...ங், கர்ர்ர்' என்று அரை நிமிடம் கத்தும். நாங்கள் சிரிப்போம். உண்மையில் அந்தக் கூச்சல், இரண்டு மோடங்கள் "உனக்கு என் குரல் கேட்கிறதா? எவ்வளவு வேகமாகப் பேசலாம்?" என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொண்ட பேச்சு.

அப்படிப் பேசிய மோடங்களின் வேகம் 1990களின் நடுவில் வினாடிக்கு 33.6 கிலோபிட் வரை வந்தது. 1998-இல் வந்த புதிய தரம், இறக்கும் திசையில் மட்டும் 56 கிலோபிட் வரை தந்தது. அதற்கு மேல் குரல் பாதையில் இடமில்லை.

பத்துமலைப் படிகள்

இப்போது கதையில் ஒரு திருப்பம். 1937-இல் பாரிசில் வேலை செய்துகொண்டிருந்த அலெக் ரீவ்ஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. குரலை அலையாக அனுப்புவதற்குப் பதில் எண்களாக அனுப்பினால் என்ன?

அது எப்படி முடியும்? மலைப்பாதை ஒன்றில் நடந்து போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை நின்று, "இப்போது எவ்வளவு உயரத்தில் இருக்கிறேன்?" என்று குறிப்பேட்டில் எழுதுகிறீர்கள். முழுவதும் நடந்து முடித்தபின், அந்தக் குறிப்பேட்டை மட்டும் நண்பரிடம் கொடுத்தால், அவர் அந்தப் பாதையை அப்படியே வரைந்துவிடுவார். அடிகள் போதுமான அளவு நெருக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு நெருக்கம்? ஓர் அலையை மீண்டும் சரியாக வரைய, அதன் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளவெடுக்க வேண்டும் என்பது விதி. தொலைபேசிக் குரலின் உச்சம் 3,400 ஹெர்ட்ஸ். கொஞ்சம் இடம் விட்டு 4,000 என்று வைத்துக்கொண்டார்கள். இரு மடங்கு 8,000. ஆகவே வினாடிக்கு 8,000 முறை குரலின் உயரம் அளக்கப்படுகிறது.

உயரத்தை எப்படி எழுதுவது? அதற்கு 256 படிகள் வகுத்தார்கள். பத்துமலையின் 272 படிகளை நீங்கள் ஏறியிருப்பீர்கள். அதைவிடப் பதினாறு படிகள் குறைவு. சரிவான பாதையில் நிற்பவர் "ஏறக்குறைய நடுவில் இருக்கிறேன்" என்றுதான் சொல்ல முடியும். படியில் நிற்பவரோ "140-ஆவது படி" என்று துல்லியமாகச் சொல்லலாம். 256 படிகளுக்கும் எண் கொடுக்க 8 பிட்டுகள் போதும், ஏனென்றால் இரண்டை எட்டு முறை பெருக்கினால் 256.

இப்போது பெருக்குங்கள்: 8,000 அளவுகள் × 8 பிட் = வினாடிக்கு 64,000 பிட். அதாவது 64 கிலோபிட். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். உலகத் தொலைபேசியின் அடிப்படை எண் இதுதான்.

இப்படிச் செய்வதில் என்ன நன்மை? நீண்ட கம்பியில் சமிக்ஞை தேய்ந்துபோகும், இரைச்சல் சேரும். ஒப்புமைச் சமிக்ஞையைப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். இலக்கவியல் சமிக்ஞை அப்படியல்ல. வழியில் இருக்கும் கருவிக்குத் தெரிய வேண்டியது இது 0-வா, 1-ஆ என்பது மட்டும். தெரிந்துவிட்டால் புத்தம் புதிதாக மீண்டும் எழுதி அனுப்பிவிடும். இரைச்சல் அங்கேயே உதிர்ந்துவிடும்.

ஒரு வேடிக்கையான சுற்றுவழி

1980களிலும் 1990களிலும் பல நாடுகளின் தொலைபேசி நிலையங்கள் இந்த முறைக்கு மாறின. ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்குக் குரல் 64 கிலோபிட்டாகவே பயணம் செய்தது. ஆனால் நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் கடைசிச் சில கிலோமீட்டர் மட்டும் பழைய ஒப்புமைக் கம்பியாகவே நின்றுவிட்டது.

இதனால் கணினிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். கணினி பிட்டுகளைத் தருகிறது. மோடம் அவற்றை ஒலியாக்குகிறது. தொலைபேசி நிலையம் அந்த ஒலியை மீண்டும் பிட்டுகளாக்குகிறது. மறுமுனை நிலையம் அதை மறுபடியும் ஒலியாக்குகிறது. மறுமுனை மோடம் மறுபடியும் பிட்டுகளாக்குகிறது! தமிழில் எழுதிய கடிதத்தைப் படமாக வரைந்து, படத்தைப் பார்த்து எழுதி, மீண்டும் படமாக வரைந்து, கடைசியில் மறுபடியும் எழுதிப் படிப்பது போல.

"அந்தக் கடைசிச் சில கிலோமீட்டரையும் இலக்கவியலாக்கிவிட்டால்?" என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்தான் ஐ.எஸ்.டி.என். 'ஒருங்கிணைந்த சேவைகள் இலக்கவியல் வலையமைப்பு' என்பது அதன் விரிவு. அதன் தரவிதிகள் 1984-இல் பன்னாட்டு அளவில் வெளிவந்தன, 1988-இல் விரிவாக்கப்பட்டன. அதே 1988-இல் ஜப்பான் வணிகச் சேவையைத் தொடங்கிவிட்டது. புதிதாகக் கம்பி இழுக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய சிறப்பு. வீட்டுக்கு ஏற்கெனவே வரும் இரண்டு செம்புக் கம்பிகளே போதும். இரு முனைகளிலும் உள்ள கருவி மட்டும் மாறும். என் மாணவி கொண்டுவந்த பெட்டி, அப்படி மாறிய கருவிகளில் ஒன்று.

இரண்டு கூடை, ஒரு மண்டோர்

வீடுகளுக்கும் சிறு கடைகளுக்குமான ஐ.எஸ்.டி.என். இணைப்பில் மூன்று தடங்கள் இருந்தன. பி எனப்படும் தடங்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 64 கிலோபிட். டி எனப்படும் தடம் ஒன்று, 16 கிலோபிட்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். பி தடங்கள் கொழுந்து சுமக்கும் கூடைகள். டி தடம் மண்டோர். அவர் கொழுந்து சுமப்பதில்லை. யார் எந்த நிரைக்குப் போவது, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று சொல்பவர். அதுபோல் டி தடம், "இந்த எண்ணுக்கு அழைப்பு வேண்டும்", "மறுமுனை எடுத்துவிட்டது", "முடிந்தது" என்ற கட்டளைகளைக் கொண்டுபோகும். கட்டளைக்குத் தனித் தடம் இருந்ததால் மோடத்தைப் போல் அரை நிமிடம் கத்த வேண்டியதில்லை. ஓரிரு வினாடிகளில் இணைப்பு கிடைத்துவிடும்.

இரண்டு கூடைகளும் தனித்தனி என்பதால், ஒன்றில் தொலைபேசியில் பேசிக்கொண்டே மற்றொன்றில் இணையத்தைப் பயன்படுத்தலாம். இரண்டையும் சேர்த்தால் கணினிக்கு 128 கிலோபிட். பெரிய நிறுவனங்களுக்கு இன்னொரு வகை இருந்தது. நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் அதில் 30 கூடைகள். வானொலி நிலையங்கள் வெளியூர் ஒலிபரப்புக்கும், நிறுவனங்கள் காணொளிக் கூட்டங்களுக்கும் ஐ.எஸ்.டி.என். கம்பியைப் பல ஆண்டுகள் நம்பியிருந்தன.

128 கிலோபிட் என்றால் இன்று நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் ஒன்று தெரியுமா? 1992-இல் ஜாரிங் வலையமைப்பு மலேசியாவை அமெரிக்காவுடன் செயற்கைக்கோள் வழியாக இணைத்தபோது, அந்த இணைப்பின் வேகம் 64 கிலோபிட். ஒரே ஒரு கூடையின் அளவு! பின்னாளில் ஒரு கணினிக் கடைக்கு அதைப்போல் இரு மடங்கு கிடைத்தது என்றால், அது சின்ன விஷயமா?

இரண்டு கம்பியில் எப்படி அடங்கியது?

இரண்டு பி, ஒரு டி. மொத்தம் 144 கிலோபிட். அவற்றை ஒழுங்குபடுத்தவும் கம்பியைக் கண்காணிக்கவும் இன்னும் 16 கிலோபிட். ஆக, கம்பியில் ஓட வேண்டியது வினாடிக்கு 160 கிலோபிட்.

பல நாடுகளில் பயன்பட்ட முறை இது. கம்பியில் நான்கு மின்னழுத்த நிலைகளை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு பிட்: 00, 01, 10, 11. ஒரு துடிப்பில் இரண்டு பிட் போய்விடுவதால் வினாடிக்கு 80,000 துடிப்புகளே போதும்.

இன்னொரு சிக்கல்: இரு முனைகளும் ஒரே நேரத்தில், ஒரே கம்பியில் அனுப்புகின்றன. அப்படியானால் வருவது எது, நான் அனுப்பியதின் எதிரொலி எது? பெட்டிக்குத் தான் அனுப்பியது என்னவென்று தெரியும். ஆகவே தன் எதிரொலியைக் கணக்கிட்டுக் கழித்துவிடும். மிச்சம் இருப்பது மறுமுனையின் செய்தி. இரைச்சலான திருமண மண்டபத்தில் நீங்கள் பேசிக்கொண்டே எதிரில் இருப்பவர் பேசுவதையும் கேட்கிறீர்கள் அல்லவா? அதைப் போலத்தான்.

அப்படியானால் ஏன் வராது?

இப்போது தாத்தாவின் கேள்விக்கு வருவோம்.

கம்பிக்கு மின்தடை உண்டு, நீளம் கூடினால் மின்தடையும் கூடும். ஆனால் பெரிய எதிரி அது மட்டுமல்ல. பக்கத்தில் பக்கத்தில் போகும் இரண்டு கம்பிகள் ஒரு மின்தேக்கியைப் போல் செயல்படும். அதிர்வெண் கூடக் கூட, சமிக்ஞை மறுமுனைக்குப் போகாமல் ஒரு கம்பியிலிருந்து மற்றதற்கு ஒழுகிவிடும். குரல் 4,000 ஹெர்ட்சுக்குள் அடங்கிவிடுகிறது. ஐ.எஸ்.டி.என். துடிப்புகளுக்கோ 40,000 ஹெர்ட்ஸ் வரை தேவை. அந்த அதிர்வெண்ணில் சில நூறு மீட்டருக்கு ஒருமுறை சமிக்ஞையின் ஆற்றல் பாதியாகிறது. அதனால் ஐ.எஸ்.டி.என். கம்பியின் நீளம் ஏறத்தாழ 5.5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு.

கவனியுங்கள், இது கம்பியின் நீளம். பறவை பறக்கும் தூரம் அல்ல. கேமரன் மலையில் பறவைக்கு மூன்று கிலோமீட்டர் என்றால், சாலையோரக் கம்பத்தில் வளைந்து வளைந்து வரும் கம்பிக்கு அதைவிட எவ்வளவோ அதிகம். ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்குப் பேருந்தில் வந்தவர்கள் அந்த வளைவுகளை வயிற்றாலேயே அளந்திருப்பார்கள்!

தோட்டங்களின் இருப்பிடத்தையும் யோசியுங்கள். ஜே. ஏ. ரசல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, பார்த்தது சரிவும் குளிரும் மழையும். தேயிலைக்கு எது நல்லதோ அங்கே செடி, செடிக்குப் பக்கத்தில் லயத்து வீடுகள். தொலைபேசி நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்று அன்று யார் கேட்டார்கள்? வரிசையைக் குறிக்கும் 'லைன்' என்ற சொல்தான் நம் வாயில் 'லயம்' ஆனது. ஆனால் லைன் வீடுகளுக்குத் தொலைபேசி லைன் வருவதே அரிதாக இருந்தது. என் தாத்தா இருந்த தோட்டத்தில் அவசரமென்றால் அலுவலகத்துக்குத்தான் ஓட வேண்டும்.

இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. நீண்ட கம்பிகளில் குரல் மங்காமல் இருக்க, இடையிடையே சிறு கம்பிச் சுருள்களைச் சேர்ப்பது தொலைபேசித் துறையின் பழைய வைத்தியம். குரலுக்கு அது நல்ல மருந்து. ஆனால் 4,000 ஹெர்ட்சுக்கு மேல் உள்ளதை அந்தச் சுருள்கள் தடுத்துவிடும். தூரத்து வீடுகளுக்குக் குரலைக் கொண்டுவந்த அதே சுருள், அந்த வீடுகளுக்குத் தரவு வராமல் மறித்தது.

அப்படியானால் வழியே இல்லையா? இருந்தது. சுருள்களைக் கழற்றலாம். நடுவழியில் சமிக்ஞையைப் புதிதாக எழுதி அனுப்பும் கருவியை வைக்கலாம். ஆனால் அதற்குச் செலவாகும். நகரத்தில் ஒரு கருவியால் நூறு கடைகள் பயன்பெறும் என்றால், தோட்டத்தில் ஒரு வீடோ இரண்டு வீடோதான். ஆகவே என் மாணவியிடம் நான் இப்படிச் சொன்னேன்: "இயற்பியல் 'கடினம்' என்று மட்டும்தான் சொன்னது. 'வராது' என்று சொன்னது செலவுக் கணக்கு." இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவது, அறிவியல் படிப்பதன் பெரிய பயன்களில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு

2001-இல் ஸ்ட்ரீமிக்ஸ் என்ற பெயரில் புதிய சேவை வந்தது. அதே செம்புக் கம்பிதான். ஆனால் அதன் தொழில்நுட்பம் 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரை பயன்படுத்தியது. வேகம் கூடியது. தூரத்தில் இருப்பவர்களின் சிரமமும் கூடியது. காரணம் உங்களுக்கே இப்போது தெரியும்.

2010-இல் யூனிஃபை வந்தபோதுதான் செம்பின் இடத்தைக் கண்ணாடி இழை பிடிக்கத் தொடங்கியது. நல்ல ஒளியிழையில் ஒளியின் ஆற்றல் பாதியாகக் குறைய ஏறத்தாழ 15 கிலோமீட்டர் ஆகும். செம்பின் சில நூறு மீட்டரோடு ஒப்பிடுங்கள். தொழில்நுட்ப அளவில் தூரம் என்ற சிக்கல் பெருமளவு தீர்ந்துவிட்டது. ஆனால் இழையை யாராவது வீடு வரை இழுத்துவர வேண்டும் அல்லவா? 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டில் இணைப்பு இல்லாத என் மாணவர்கள் சிலர் கைப்பேசியோடு மலை வளைவில் குடை பிடித்துக்கொண்டு நின்று பாடம் கேட்டார்கள். வளைவைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கினால் மலை அலையை மறைத்துவிடும். நாட்டின் நடுவே எவ்வளவு வேகமான பாதை போட்டாலும், மாணவனுக்கு அது கடைசிச் சில கிலோமீட்டரின் வேகம்தான்.

ஐ.எஸ்.டி.என். இன்று பல நாடுகளில் விடைபெற்று வருகிறது. ஆனால் அது கற்றுத் தந்தவை போகவில்லை. அலுவலகங்களில் இணையவழித் தொலைபேசிகள் பல இன்றும் அதே 64 கிலோபிட் முறையில் குரலை எழுதுகின்றன. உங்கள் கைப்பேசியிலும் அழைப்பைத் தொடங்கும் கட்டளைகள் தனி, குரல் தனி. மண்டோர் இன்னும் வேலையில்தான் இருக்கிறார்.

அந்தச் சாம்பல் நிறப் பெட்டி இப்போது எங்கள் அறிவியல் கூடத்து அலமாரியில் இருக்கிறது. அதற்கு அடியில் என் மாணவி ஓர் அட்டை எழுதி வைத்திருக்கிறாள்: "கடைக்கு வந்தது. தாத்தா வீட்டுக்கு வரவில்லை. தூரம்: கேட்டுச் சொல்லவும்." பொறியியல் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். படிக்கட்டும். அந்தத் தூரத்தை அளக்கத் தோட்டத்திலிருந்தே ஒருவர் வருவது நல்லதுதானே?

செய்து பாருங்கள்

1. கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தின் அளவு 3 மெகாபைட், அதாவது 240 லட்சம் பிட். இதை அனுப்ப 33.6 கிலோபிட் மோடத்துக்கு எத்தனை வினாடி? ஒரு பி தடத்துக்கு? இரண்டு பி தடங்களுக்கு? வினாடிக்கு 100 மெகாபிட் ஒளியிழைக்கு? (விடை: சுமார் 714, 375, 187.5, 0.24 வினாடி.)

2. செம்புக் கம்பியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். செம்பின் மின்தடைத்திறன் 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். 5.5 கிலோமீட்டர் தூரத்துக்குப் போகவும் வரவும் இரண்டு கம்பிகளின் மொத்த மின்தடை என்ன? (விடை: சுமார் 950 ஓம்.)

3. உங்கள் வீட்டுக்கு வரும் தொலைபேசிக் கம்பியோ ஒளியிழையோ எந்தக் கம்பத்திலிருந்து வருகிறது என்று கவனியுங்கள். அதன் வழியை ஊர் வரைபடத்தில் கோடாக வரைந்து, நேர்த்தூரத்தோடு ஒப்பிடுங்கள். தரையில் நின்று பார்த்தால் போதும். கம்பத்தில் ஏறவோ பெட்டியைத் திறக்கவோ வேண்டாம்.